ஓட்டத்துக்கு ஒரு வள்ளம்

எங்கள் ஊரில் ஓட்டம் என்ற சொல்லுக்கு ஒரு பொருள்தான். பொழுதுபட்ட பிறகு வள்ளத்தில் சாமான் ஏற்றிக்கொண்டு, சுங்கத்தின் கண்ணில் படாமல் கடல் தாண்டி இந்திய அக்கரைக்குப் போவதும், விடியுமுன் வேறு சாமானோடு திரும்பி வருவதும்தான் அது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் மைதானத்தில் ஓடுவதைக்கூட நாங்கள் அந்தச் சொல்லால் சொல்ல மாட்டோம், றேஸ் என்போம். இது ஊரில் தவழுகிற பிள்ளைக்கும் தெரியும். என் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியவில்லை.

அறுபத்து மூன்றாம் ஆண்டு அம்மன் கோயில் கூட்டத்தில், நாலு பேர் அல்ல, ஊரே கூடியிருக்க எழுந்து நின்று, "நான் ஓட்டத்துக்கு ஒரு வள்ளம் கட்டப் போறன்" என்று சொல்லிவிட்டார் மனுசன். தீர்த்தத் திருவிழாவன்று கடலில் பாய்வள்ளப் போட்டி நடக்கும். அதைத்தான் சொன்னார். கூட்டம் ஆடாமல் அசையாமல் இருந்ததாம். பக்கத்தில் இருந்தவர் சட்டையைப் பிடித்து இழுத்து, "சத்தம் போடாதையும் சீவரத்தினம், இரும்" என்றாராம். வீட்டுக்கு வந்து என்னிடம், "குணம், ஊர்ச்சனம் என்னை நல்லா ஆதரிக்குது" என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. இளவயது முழுவதும் திருகோணமலையில் கழித்தவர். அங்கே வெள்ளைக்கார அதிகாரிகள் பொழுதுபோக்குக்குப் போட்டி ஓடுகிற பாய்வள்ளங்கள் இருந்தன. யொட் என்பார்கள். அவற்றைப் பழுதுபார்க்கிற பட்டறையில் இவருக்கு வேலை. வெள்ளைக்காரன் துறைமுகத்தை விட்டுப் போனதோடு வேலையும் போய், ஊருக்கு வந்தார். "அவங்கடை யொட் எல்லாத்தையும் கழட்டிப் பூட்டினவன் நான். ஒவ்வொண்டிலையும் ஒவ்வொரு பிழை இருக்கு" என்பார். ஒரு பிழையும் இல்லாத யொட் ஒன்றைத் தான் கட்ட வேண்டும், தீர்த்தத்தன்று அது முதலாவதாக வர வேண்டும், ஊர் அதைப் பார்த்து 'போட்டிக்கென்றே கட்டின வள்ளம்' என்று சொல்ல வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். பெண்டிலையும் பிள்ளை குட்டியையும் பற்றி அந்த மனுசன் இவ்வளவு யோசித்திருந்தால் நான் எங்கேயோ இருந்திருப்பேன்.

வள்ளத்தைக் கடதாசியில் கீறினால் போதாதாம், முழு அளவில் தரையில் கீற வேண்டுமாம். எங்கள் ஹோலில் சீமெந்துத் தரை. வெண்கட்டியை எடுத்துக்கொண்டு முழங்காலில் நின்று கீறத் தொடங்கினார். வள்ளத்தின் முன்பக்கமான அணியம் சாமியறை வாசலில் தொடங்கியது. பின்பக்கமான கடையால் என் குசினிக்குள் அடுப்படியில் வந்து முடிந்தது. மாதக்கணக்காக நான் வீடு கூட்டத் தும்புத்தடி எடுக்கவில்லை. எடுத்தால், "ஐயோ குணம், வயித்தைக் கூட்டிப்போடாதை!" என்று பாய்ந்து வருவார். வள்ளத்தின் வயிற்றை. வந்தவர்களை எல்லாம் சுவரோரமாக நடக்கச் சொல்லுவார். ஒரு நாள் நான் குழம்புச் சட்டியோடு சுக்கானில் வழுக்கி விழுந்தேன். சுக்கான் அழிந்துபோயிற்றா என்றுதான் முதலில் பார்த்தார்.

ஊரோ எங்களைக் கொண்டாடத் தொடங்கிவிட்டது. அதுவரை எங்களை ஒரு பொருட்டாக மதியாதவர்கள் கல்யாணத்துக்கு முதல் பந்தியில் இருத்தினார்கள். வேலிச் சண்டையில் வருசக்கணக்காகக் கதையாமல் இருந்த பக்கத்து வீட்டுத் தியாகலிங்கம் வேலிக்கு மேலால் எட்டி, "பெரிய இடத்து அலுவல் போலை கிடக்கு" என்று பல்லைக் காட்டினார். "போட்டிக்கு அண்ணை" என்று இவர் சொன்னால், "ஓம் ஓம், போட்டிக்குத்தானே" என்று கண்ணைச் சிமிட்டுவார். எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

என் தம்பி ஏரம்பு ஒரு ஓட்டி. ஓட்டம் போகிறவனை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வது. இங்கேயிருந்து தங்கம் போகும், அங்கேயிருந்து சேலை வரும். வீட்டுக்கு வந்து, தரையில் கிடந்த வள்ளத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"அத்தான், ஆருக்குக் கட்டுறியள்?"

"எனக்குத்தான். போட்டிக்கு."

"அது சரி, ஊருக்கு அப்பிடியே சொல்லுவம். எனக்குச் சொல்லுங்கோ."

இவர் அவனை வேலிப் படலை வரைக்கும் துரத்திக் கலைத்துக்கொண்டு போனார். ஓட்டத்தில் ஒரு சதம் தொடாத மனுசன் இவர், அது எனக்குப் பெருமைதான். ஆனால் அந்தப் பெருமையை நம்புவதற்கு ஊரில் என்னைத் தவிர ஒரு ஆளில்லை என்பதை நினைத்தால் அழுகை வரும்.

வள்ளம் கட்ட வந்தவன் சிமியோன். நல்ல வேலைக்காரன், வாய்தான் நில்லாது. கடற்கரைக் கொட்டிலில் பலகை ஏறி, வள்ளம் உருவம் எடுத்தது. ஒடுங்கலாக, நீளமாக, எங்கள் ஊரில் ஒருவரும் கண்டிராத வள்ளம். ஒரு நாள் இவர் உள்ளே இறங்கித் தட்டிப் பார்த்திருக்கிறார். ஓரிடத்தில் சத்தம் வேறு மாதிரிக் கேட்டதாம். பலகையைக் கழற்றினால் பின்னால் ஒரு அறை. அழகான, கையை விட்டால் முழங்கை வரை போகிற கள்ள அறை.

"உதென்ன சிமியோன்?"

"அது அண்ணை, நான் எல்லாருக்கும் வைக்கிறது. உங்களிட்டை அதுக்கெண்டு புறம்பாக் காசு கேக்க மாட்டன்."

"எனக்கு உது வேண்டாம். கழட்டு."

சிமியோனின் முகம் கறுத்துப்போயிற்று. அவன் கட்டிய எந்த வள்ளத்திலும் அந்த அறையை வேண்டாம் என்று ஒருவர் சொன்னதில்லை. வேலையில் குறை கண்டதாக நினைத்துவிட்டான். கழற்றித்தான் கொடுத்தான். ஆனால் அன்று பின்னேரம் கள்ளுத் தவறணையில் இருந்து, "உள்ளுக்கு அறை வேண்டாமாம். அப்ப எங்கை வைக்கப் போறார்?" என்று ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு வந்தான். ஊர் முழுக்க அந்தக் கேள்விக்கு விடை தேடத் தொடங்கியது.

விடையை எங்கள் வளவுக்குள்ளேயே இவர் காய்ச்சிக் காட்டினார். யொட்டின் அடியில், அடிமரமான ஏராவுக்குக் கீழே, மீன்செட்டை மாதிரி ஒரு ஈயத் துண்டு தொங்க வேண்டும். அந்தப் பாரம் இருந்தால்தான் பெரிய பாய் கட்டலாம், காற்றடித்தாலும் கவிழாது. பண்டத்தரிப்பிலிருந்து சாவகச்சேரி வரைக்கும் பழைய வலைக்குண்டு, செத்த பற்றறி, அச்சுக்கூடத்தில் கழித்த எழுத்து என்று கண்ட ஈயத்தை எல்லாம் வாங்கிச் சேர்த்தார். வளவில் மண்ணைக் கிண்டி அச்சு வைத்து, கல்யாண வீட்டுக் கிடாரத்தில் ஈயத்தை உருக்கினார். என்னுடைய கிடாரம்! பிறகு அதில் ஒரு பருக்கை அவிக்க முடிந்ததா?

கிடாரத்துக்குள் அது பளபளவென்று கிடந்ததை வேலிக்கு மேலால் தியாகலிங்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அவ்வளவு போதும். சீவரத்தினம் உருக்குறான் என்று செய்தி போயிற்று. என்னத்தை உருக்குகிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஈயத்தை யார் இவ்வளவு பாடுபட்டு உருக்குவார்கள்? உள்ளே தங்கம், மேலே ஈயப் பூச்சு, அதை வள்ளத்தின் அடியில் பூட்டிக்கொண்டு போனால் தண்ணீருக்குக் கீழே எவன் பார்க்கப் போகிறான்! இதைக் கண்டுபிடித்த மூளையை எண்ணி ஊரே மெச்சியது. தவறணையில் சிமியோன், "அதுதான் என்ரை அறை வேண்டாம் எண்டவர்" என்று மனம் ஆறினானாம்.

தீர்த்தத்துக்குச் சில நாட்கள் இருக்க, சுங்க அதிகாரி ஆட்களோடு வந்து இறங்கினார். யார் அறிவித்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. அன்று முழுவதும் தியாகலிங்கம் எங்கள் வேலிப்பக்கம் தலை காட்டவில்லை. வள்ளம் கரையில் ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. ஊர்ச்சனம் எல்லாம் கூடிவிட்டது.

"உதென்ன அடியிலை?" என்றார் அதிகாரி.

"ஈயம். பாரத்துக்கு."

"வேகமா ஓட வேணும் எண்டு கட்டின வள்ளத்துக்கு, பாரமோ?"

இவருடைய முகம் மலர்ந்த விதத்தைப் பார்க்க வேண்டும்! இத்தனை காலத்தில் வள்ளத்தைப் பற்றி ஒருவர் கேட்ட முதல் நியாயமான கேள்வி அது. மணலில் குந்தியிருந்து, காற்று எங்கே தள்ளும், பாய் எங்கே சாயும், ஈயம் எப்படி இழுத்துப் பிடிக்கும் என்று படம் கீறி விளக்கினார். அதிகாரியும் தலையாட்டிக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு ஆட்களைப் பார்த்து, "தோண்டுங்கோ" என்றார்.

உளி வைத்துத் தோண்டினார்கள். ஈயம் மெதுமையானதுதானே, குழி குழியாக, கிடங்கு கிடங்காக வந்தது. இவர் பொறுக்க மாட்டாமல், "ஒரு பக்கம் மட்டும் தோண்டாதையுங்கோ, சரிஞ்சுபோம்! தோண்டுறதெண்டால் மற்றப் பக்கத்தையும் அதே அளவு தோண்டுங்கோ!" என்று கத்தினார். அதிகாரி அவரை ஒரு பார்வை பார்த்தார்.

"மற்றப் பக்கத்திலை ஒண்டும் இல்லைப் போலை. அதுதான் அங்கை அனுப்பப் பாக்கிறார். இந்தப் பக்கத்தையே இன்னும் ஆழமாத் தோண்டுங்கோ."

தோண்டத் தோண்ட ஈயம்தான். கடைசியில் தட்டார் தம்பிராசாவைக் கூட்டி வந்து உரைகல்லில் உரைத்துப் பார்க்கச் சொன்னார்கள். அவர் உரைத்தார், பார்த்தார், கையைத் துடைத்தார். "ஈயம் ஐயா. சுத்தமான ஈயம்." அதிகாரி நேர்மையான மனுசன். எல்லாருக்கும் கேட்க, "இந்த வள்ளத்திலை ஒரு கள்ளமும் இல்லை. இனி இதை ஒருத்தரும் சோதிக்கத் தேவையில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பாடா என்று நான் மூச்சு விட்டேன். அந்த மூச்சு முடியுமுன் எனக்குப் பின்னால் ஒருத்தி சொன்னாள்: "பாத்தியே, தட்டாரையும் காசு குடுத்து வாங்கிப்போட்டினம்." தங்கம் இல்லை என்பது ஊருக்குப் பொருட்டே இல்லை. நேரகாலத்தோடு அதை மாற்றிவிட்டாரே, அதிகாரியையே மணலில் இருத்திப் பாடம் நடத்தினாரே, அதுதான் கெட்டித்தனம். இவருடைய மதிப்பு இன்னும் ஒரு முழம் உயர்ந்தது.

இவர் அதையெல்லாம் கவனிக்கவில்லை. தோண்டிய ஈயத் தூளைக் கூட்டி அள்ளித் திரும்ப உருக்கி ஊற்ற வேண்டும் என்று ஓலைக் கடகத்தோடு ஓடினார். மணலில் ஒரு தூள் இல்லை. இருந்ததெல்லாம் சனத்தின் சீலைத் தலைப்பிலும் சாரமடிப்பிலும் போய்விட்டது. அதற்குள் இருப்பது என்ன என்று தனித்தனியே உரைத்துப் பார்க்கத்தான்! வீடு வீடாகப் போய்க் கேட்டார். "சிவ சிவா, நாங்கள் ஏன் உங்கடை ஈயத்தைத் தொடுறம்?" என்றார்கள். தியாகலிங்கம் பேசிக்கொண்டே மடியைப் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வள்ளத்தைத் தண்ணீரில் இறக்கினால், கள்ளுக் குடித்தவன் மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. ஊரிலே ஈயம் கிடையாது, அவ்வளவையும் வாங்கித் தீர்த்தவர் இவரேதான். தீர்த்தத்துக்கு முதல் நாள் காலை, பஸ் ஏறிச் சாவகச்சேரிச் சந்தைக்குப் போனார். போகும்போது சாப்பிடவும் இல்லை. "உப்பிடிச் சரிஞ்சுகொண்டு போட்டிக்கு விட்டால், உது போட்டி வள்ளம் எண்டு ஆர் நம்புவான் குணம்?" என்று கேட்டுவிட்டுப் போனார். அந்தக் குரல் என்னை என்னவோ செய்தது. அன்றுதான் அம்மனுக்கு நேர்ந்தேன்.

அம்மன் அனுப்பியது ஏரம்புவை. கையில் ஒரு பாரமான சாக்கு. "அத்தான் பாவம் அக்கா. என்ரை வலை ஈயம் கொஞ்சம் கிடந்தது. நான் கிடங்கை அடைச்சு விடுறன்" என்றான்.

"உனக்கு ஏதடா வலை?"

"இரவல் வலை."

அவன் கொட்டிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். இவர் ஒரு பை வலைக்குண்டோடு திரும்பி வந்தபோது, கிடங்கெல்லாம் அடைத்து, மெழுகு பூசி, மேலே வர்ணமும் அடித்து முடிந்திருந்தது. இவர் மைத்துனனைக் கட்டிப் பிடித்தார். படலை வரைக்கும் கலைத்தவர்தான்!

தீர்த்தத்தன்று காலை கரையெல்லாம் சனம். மேடையில் அதே அதிகாரி, பிரதம விருந்தாளியாக. வள்ளத்தைத் தண்ணீரில் இறக்கியபோது நான் இவருக்குப் பக்கத்தில் நின்றேன். இவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று பார்த்தார். முன்பு, தோண்டின இடப்பக்கம் நிமிர்ந்து நின்ற வள்ளம், இப்போது இடப்பக்கம் தாழ்ந்து நின்றது. கையை அடியில் விட்டுத் தடவினார். பிறகு வள்ளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். வந்து ஏரம்புவைப் பார்த்தார்.

"ஏரம்பு, ஈயம் இவ்வளவு நிறை வராது."

ஏரம்பு வானத்தைப் பார்த்துக்கொண்டு, "நல்ல சோளகக் காத்து அத்தான்" என்றான்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது, கிடங்குக்குள் இருப்பது தம்பியின் ஓட்டச் சாமான். அதிகாரியே ஊரறியச் சுத்தம் என்று சொன்ன வள்ளத்தை இனி யார் தொடுவார்கள்! ஒரு சதம் தொடாத மனுசன். இப்போது என்ன செய்யப் போகிறார்? கத்துவாரா? மேடைக்குப் போய்ச் சொல்லுவாரா? சொன்னால் தம்பி மறியற்சாலைக்கு, வள்ளம் பறிமுதல். சொல்லாவிட்டால் ஊர் சொன்னது உண்மையாகப் போகிறது. நான் அவருடைய கையைப் பிடித்தேன்.

பறை முழங்கியது. இவர் கையை உதறிக்கொண்டு வள்ளத்தில் ஏறினார். ஏறி, ஏரம்புவிடம், "நீயும் ஏறு. வலப்பக்கத்திலை போய் இரு. நான் சொல்லுமட்டும் அசையக் கூடாது" என்றார்.

அந்த ஓட்டத்தை நான் எந்த வாயால் சொல்லுவேன்! கரைக்காற்று பாயில் விழுந்ததும் வள்ளம் சாய்ந்தது. கவிழுது கவிழுது என்று சனம் குளறியது. கவிழவில்லை. சாய்ந்தபடியே தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. மற்ற வள்ளங்கள் இன்னும் போய்க்கொண்டிருக்க, இவர் எல்லை மிதப்பைச் சுற்றித் திரும்பி வந்துகொண்டிருந்தார். காற்றுக்கு எதிரே, வெட்டி வெட்டி, எங்கள் வள்ளங்கள் ஒன்றுக்கும் முடியாத மாதிரி வந்தார். நான் வாய்விட்டு அழுதேன். அப்படி ஒரு சந்தோசம் எனக்குக் கல்யாணத்தன்றும் இல்லை.

அதிகாரி கோப்பையைக் கையில் கொடுத்து, "எங்கடை றோந்து வள்ளத்தாலையும் இதைப் பிடிக்கேலாது!" என்று சிரித்தார். சனம் கூவிக் கைதட்டியது. இவர் கோப்பையோடு கூட்டத்துக்குள் இறங்கினார். 'போட்டி வள்ளம்' என்ற அந்த ஒரு சொல்லைக் கேட்கத்தான் இறங்கினார், எனக்குத் தெரியும். முதுகில் தட்டித் தட்டி ஆளுக்காள் சொன்னார்கள்: "ஓட்டத்துக்கு இதை மிஞ்ச வள்ளம் இல்லை." மூன்று பேர் அங்கேயே வள்ளம் கேட்டார்கள். "அச்சொட்டா இதே மாதிரி வேணும். ஈயம் மட்டும் வேண்டாம், அந்த இடத்தை உள்ளுக்கு வெறுங் கோறையா விடுங்கோ." முதலாவதாக வந்த மனுசன் கோப்பையைப் பிடித்துக்கொண்டு அழுவாரைப் போல நின்றார். எனக்கு வயிறு எரிந்தது. பாழாய்ப்போன சனம், ஒரு வாய்க்கு உண்மையைச் சொன்னால் என்ன?

அடுத்த நாள் காலை ஏரம்பு உளியோடு வந்தான். வள்ளத்தைக் கொட்டிலில் ஏற்றி வைத்து இவர் ஏராவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், கிடங்கிலை வைச்ச சாமானை எடுக்க வந்தனான்."

"எடுக்கேலாது" என்றார் இவர்.

ஏரம்புவின் கண் சுருங்கியது. பங்கு கேட்கப் போகிறார் என்று நினைத்தான். நானும் அப்படித்தான் பயந்தேன். "சரி அத்தான், உங்களுக்கு என்ன வேணும் எண்டு சொல்லுங்கோ" என்றான்.

"பருத்தித்துறையிலை அடுத்த போட்டி வருது. இதை எடுத்தால் திரும்பச் சரிஞ்சுபோம். நிறைக்கு நிறை ஈயம் கொண்டு வா, மாத்தித் தாறன்."

"அத்தான், அது தங்கம்!"

"தெரியும். அதுதான் சொல்லுறன். ஈயத்தைவிட எவ்வளவு திறம், பாத்தியே? சின்ன இடத்துக்குள்ளை என்ன நிறை! மற்றப் பக்கத்திலையும் தோண்டி, அதே அளவுக்கு இதை வைச்சம் எண்டால் ஏராவை இன்னும் ஒடுக்கலாம். இன்னும் கொஞ்சம் எடுக்கலாமோ தம்பி?"

முகத்தில் ஒரு துளி விளையாட்டு இல்லை. வெண்கட்டியை எடுத்து, எங்கே தோண்டலாம் என்று ஈயத்தின் மேல் கீறிக்கொண்டிருந்தார். உளியைப் பிடித்திருந்த ஏரம்புவின் கை கீழே தொங்கியது. எத்தனையோ தரம் கடலில் துவக்குச் சூட்டுக்குத் தப்பி வந்தவன், அப்படி வெளிறிப்போய் நான் பார்த்ததில்லை. மெல்ல வந்து குசினி வாசலில் குந்தினான்.

"அக்கா" என்றான். "அந்த மனுசன் உண்மையாவே போட்டிக்குத்தான் கட்டியிருக்கிறார்."

எனக்குக் கண்ணீர் பொங்கிவிட்டது. கடைசியில் ஒருத்தன்! "அடே, இதை ஊரிலை போய்ச் சொல்லடா. என்ரை ராசா, நீ ஓட்டி, நீ சொன்னால் சனம் நம்பும். அவர் கேக்கிறது அது ஒண்டுதானே" என்றேன்.

ஏரம்பு உளியைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"சொல்லலாம் அக்கா. எப்பிடித் தெரியும் எண்டு கேப்பினமே?"